அபியா, கபியா

செம்பூரிலிருந்து சயான் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு போர்வை, அலுமினியத் தட்டு, மாற்றுச் சட்டை. அன்று காலையில்தான் அங்கே ஓர் இரும்புப் பட்டறை வேலையை விட்டிருந்தேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை. மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் மாவு அரைத்தேன். வடாலாவில் உப்பு சுமந்தேன். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் அலசினேன். ஆறாவதோடு படிப்பை விட்டு ஊரிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறியவனுக்கு எந்த வேலையும் கேவலமாகப் படவில்லை, எந்த வேலையும் சொந்தமாகவும் படவில்லை. தாராவிக்குப் போய்ப் பழைய தோல் ஷாப்பு ஆள் யாரிடமாவது கொஞ்ச நாள் ஒண்டிக்கொள்ளலாம் என்று போய்க்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் புதிதாக வார்டு பாயாகவும் ஆயாவாகவும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, ஸ்ட்ரெச்சரை எப்படித் திருப்புவது, படுத்தவரை எப்படிப் புரட்டுவது என்பதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். நம்முடைய வேலையில் இன்னொரு பாதி இருக்கிறது. அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதை நான் வேலையில் சேர்வதற்கு முந்தின நாளே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர்களுக்கு அது தெரியாது.

சயானுக்குச் சற்று முன்னால், சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அதன் வாசலில் மைதீன் அண்ணன் நின்றிருந்தார். தோல் ஷாப்பில் எனக்குப் பக்கத்துத் தொட்டியில் வேலை செய்தவர். எங்கள் இருவருக்கும் ஒரே தாலுகா. சுண்ணாம்பில் ஊறிய தோலைப் பலகையில் போட்டு மயிர் மழிப்பது அவர் வேலை. பக்கத்தில் அவர் மனைவி ஆமினா மதினி, கையில் ஒரு துணிப் பொதி. பொதிக்குள் குழந்தை. முதல் பிள்ளை, பையன். நான் சந்தோஷமாக எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

“மாடசாமி, நீயே கேளுடே இந்த நாயத்த,” என்றார். “எங்க மார்க்கத்துல உள்ளத செய்யக்கூடாதாம். ஒரு டாக்டரம்மா சொல்லுதா.”

டாக்டரம்மா என்ன சொன்னார் என்பதை அப்படியே சொல்லும்படி கேட்டேன்.

“கத்னா கபி நஹி கர்னா, சம்ஜா? அப்படின்னா. நான் சம்ஜான்னுட்டு பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன்.”

கத்னா என்றால் சுன்னத்து. கபி நஹி என்றால் ஒருக்காலும் இல்லை. சம்ஜா என்றால் புரிந்தது. ஒருக்காலும் சுன்னத்து செய்யாதே என்று ஒரு டாக்டர் ஒரு முஸ்லிம் தகப்பனிடம் சொல்லியிருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கும் அது சரியாகப் படவில்லை. அண்ணனுடைய பையையும் வாங்கி மாட்டிக்கொண்டு அவர்களோடு தாராவிக்கு நடந்தேன். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். மதினி அடிக்கடி பொதியை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர்கள் வீட்டில் இந்த விஷயம் பிள்ளை பிறப்பதற்கு முன்பே வழக்காகிவிட்டது என்பது நடக்க நடக்கத் தெரிந்தது. ஊர்ப் பக்கம் பையனுக்கு ஏழெட்டு வயதான பிறகுதான் செய்வார்கள். அதை மார்க்கக் கல்யாணம் என்பார்கள். பையனுக்கு மாலை போட்டு, தாய்மாமன்மார் புதுத்துணி எடுத்து, தெருவுக்கே சோறு போடுவார்கள். மதினிக்கு அண்ணன்மார் மூன்று பேர். அந்தக் கல்யாணம் தன் பிள்ளைக்கும் நடக்க வேண்டும் என்பது மதினியின் ஆசை. மைதீன் அண்ணனுக்கோ அந்தப் பேச்சே ஆகாது. ஒன்பது வயதில் அவருக்குச் செய்தபோது விஷயம் தெரிந்து ஓடி, வற்றிய குளத்தின் மடைக்குள் ஒளிந்திருக்கிறார். இரண்டு மாமன்மார் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்களாம். அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. தாராவியில் பக்கத்துச் சந்திலிருந்த வடக்கத்திக் குடும்பங்கள் பிறந்த ஏழாம் நாளே முடித்துவிடுவதைப் பார்த்து, நாமும் அப்படியே செய்வோம், பிள்ளைக்கு நினைவே இருக்காது என்று முடிவு கட்டியிருந்தார். மறுநாள் ஏழாம் நாள். முடி இறக்கி, பெயர் வைத்து, கூடவே அதையும் முடிப்பதாக ஏற்பாடு.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒஸ்தாவுக்கு ஆள் போயிற்று. ஒஸ்தா என்றால் முடி வெட்டுகிறவர், சுன்னத்தும் செய்கிறவர். இந்தப் பெரியவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். பொதியை விலக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, “மைதீனு, இது மலக்கு சுன்னத்துல்லா,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் விளக்கினார். ஆயிரத்தில் ஒரு பிள்ளை பிறக்கும்போதே பாதி சுன்னத்தோடு பிறக்குமாம். வயிற்றுக்குள் இருக்கும்போதே மலக்குகள், அதாவது வானவர்கள், வந்து செய்துவிட்டுப் போனது என்பார்களாம். அப்படிப் பிறந்த பிள்ளை அதிர்ஷ்டக்காரப் பிள்ளை. இந்தக் குழந்தைக்கும் அடிப்பக்கத்தில் தோலே இல்லை. மேல்பக்கம் மட்டும் ஒரு தொப்பி போலக் கொஞ்சம் நின்றது. நாளைக்குக் காலையில் அந்தக் கொஞ்சத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது, வலி பாதிதான் என்றார் ஒஸ்தா. சந்து முழுக்க வந்து எட்டிப் பார்த்தது. யாரோ பேரீச்சம்பழம் கொண்டுவந்தார்கள். மைதீன் அண்ணனின் கோபமெல்லாம் போய், “டாக்டரம்மா வேண்டாம்னா, மலக்கு வேணும்னுட்டாங்க,” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

நான் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மதினி குழந்தையின் துணியை அலச வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன், சிரிக்காதீய. ஆம்பளப் பிள்ளைன்னா ஒண்ணுக்குப் போனா மேல பீச்சி அடிக்கும்லா. எங்கண்ணன் பிள்ளைய எம்மூஞ்சிலேயே அடிச்சிருக்கு. இவன் அடிக்க மாட்டேங்கான். கீழ வடியுது. துணி பின்பக்கந்தான் நனையுது. அந்தம்மா இத வச்சித்தான் என்னமோ சொல்லியிருப்பாவளோ?”

அவர் முகத்தில் பயத்தைவிட அதிகமாக ஒரு எரிச்சல் இருந்தது. பெற்றவளை விட்டுவிட்டு எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எரிச்சல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினம் எத்தனையோ முஸ்லிம் பிள்ளைகளைக் கையில் ஏந்துகிற டாக்டர் ஒருக்காலும் செய்யாதே என்று ஏன் சொல்லப்போகிறார்? அவர் சொன்னது வேறு ஏதோ. வழியில் எங்கோ அது மாறிவிட்டது.

மதினியிடம், நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்றேன். பையை அங்கேயே வைத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

வாசலில் காவல்காரன் விடவில்லை. உறவா என்று கேட்டான். ஆமாம், குழந்தைக்குச் சித்தப்பா என்றேன், விட்டுவிட்டான். டாக்டரம்மா மராத்திக்காரர், நடுத்தர வயது. வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

“கபி நஹி என்று நான் சொல்லவே இல்லையே,” என்றார் இந்தியில். “அபி நஹி என்றேன்.”

அபி என்றால் இப்போது. இப்போது செய்யாதே என்றுதான் அவர் சொன்னார். ஒருக்காலும் செய்யாதே என்று மைதீன் அண்ணனுக்குக் கேட்டது. நடுவில் ஒரே ஓர் எழுத்து. அண்ணனின் இந்தி தோல் ஷாப்பில் கற்ற இந்தி. ஏற்று, இறக்கு, தண்ணீர் விடு, சீக்கிரம் என்பதற்கு மேல் போகாது. அதோடு நம் ஆட்கள் பம்பாயில் இறங்கியதும் முதலில் கற்கிற வார்த்தை ‘சம்ஜா’. புரிந்தாலும் சொல்வோம், புரியாவிட்டால் இன்னும் சீக்கிரமாகச் சொல்வோம். டாக்டரம்மா சம்ஜாவா என்று கேட்டார், இவர் சம்ஜா என்றார், விஷயம் முடிந்தது.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். குழந்தைக்குச் சிறுநீர் வரும் வழி நுனியில் இல்லை, அடிப்பக்கத்தில் திறந்திருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அப்படி அமைந்துவிடும், யார் குற்றமும் இல்லை. அப்படியே விட்டால் வளர்ந்து ஆண்பிள்ளையாக நின்று ஒன்றுக்குப் போக முடியாது, பிற்பாடு கல்யாண வாழ்க்கையிலும் சிரமம் வரலாம். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் அறுவை செய்து நுனிவரைக்கும் புது வழி உண்டாக்கலாம். அதற்குத் தோல் வேண்டும். அந்த முன்தோலை வைத்துத்தான் செய்ய வேண்டும். நாளைக்கு அதை வெட்டி எறிந்துவிட்டால் பிறகு வைத்துச் செய்ய ஒன்றும் இருக்காது.

தோல் என்றதும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. தொடையிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்தால் ஆகாதா என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தத் தோலில் முடி முளைக்கும், உள்ளே முடி முளைத்தால் பிள்ளை என்ன பாடு படும், யோசித்துப் பார் என்றார். முடி முளைக்காத தோல் அங்கே அது ஒன்றுதான். பிறகு, நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். இன்றைக்கு ஒரு வேலையும் இல்லை என்றேன். தாராவியிலிருந்தும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்தும் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் வருகிறார்கள், அவர்களிடம் பேச இங்கே ஒருவரும் இல்லை, நாளைக் காலையில் வா என்றார். நான் சரி என்றேன். அந்த நிமிஷம் வேலை என் மனதில் இல்லை. அந்தச் சந்தில் போய் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் இருந்தது.

பிள்ளைகளே, இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். என் கையில் இருந்தது உண்மை. ஆனால் சந்து முழுக்க வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அங்கே போய் எல்லோர் முன்னாலும், இது மலக்கு சுன்னத்து இல்லை, பிறவிக் குறை என்று சொன்னால் என்ன ஆகும்? குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே ஒரு பட்டப்பெயர் விழும். தாராவியில் பட்டப்பெயர் விழுந்தால் மனிதன் செத்தால்கூடப் போகாது. அதோடு சொல்கிறவன் யார்? வேறு சாதி, வேறு மதம், காலையில் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பயல். சுன்னத்தை நிறுத்து என்று நான் சொன்னால் மைதீன் அண்ணன் முதலில் என்னை அடிப்பார், பிறகுதான் காது கொடுப்பார். அவர் அப்படிச் செய்தாலும் அதில் தப்பில்லை.

அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு தோல் காயப்போடும் மைதானத்துப் பக்கம் போனேன். முதலில் அபி, கபி விஷயத்தை மட்டும் சொன்னேன். அதில் அவர் மார்க்கத்துக்கு எதிராக யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது முதலில் அவருக்குத் தெரிய வேண்டும். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். பிறகுதான் மற்றதைச் சொன்னேன்.

நான் பயந்தபடி அவர் அடிக்கவில்லை. ஆனால் குரல் மாறிவிட்டது. “எம்பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லலே,” என்றார்.

மதினி பார்த்ததை மட்டும் சொன்னேன். துணி பின்பக்கம் நனைவதை. அவர் கொஞ்ச தூரம் தனியே நடந்து போனார். திரும்பி வந்து நான் டாக்டரம்மாவிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

“வேற எடத்துத் தோலு ஆகாதாமா?”

“முடி மொளைக்குமாம் அண்ணே.”

காலம் முழுக்கத் தோலிலிருந்து மயிரை மழிக்கிற மனிதர் அவர். எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் வேரில் கொஞ்சம் நிற்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். அடுத்து அவர் கேட்டது அறுவையைப் பற்றி இல்லை.

“அப்பம் இவனுக்குச் சுன்னத்து?”

டாக்டரம்மா அதையும் சொல்லியிருந்தார். அந்தத் தோலை எடுத்து வழி அமைத்து முடிக்கும்போது சுன்னத்தும் கூடவே ஆகிவிடும். இதைச் சொன்னதும் அவருக்கு மூச்சு வந்தது. முடிவை நான் சொல்லவில்லை, அவரும் அங்கேயே சொல்லவில்லை. “அவகிட்டயும் கேக்கணும்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். நான் வெளியே நின்றேன். சாக்குப் படுதாவுக்கு உள்ளே இருவரும் பேசுவது கேட்டது, வார்த்தை விளங்கவில்லை. மதினி ஒரு தடவை அழுதார். பிறகு அழுகை நின்று, அவர் குரல்தான் அதிகமாகக் கேட்டது.

சாயங்காலம் ஒஸ்தா மறுநாள் ஏற்பாட்டுக்காக வந்தார். கூட நாலைந்து பேர். மைதீன் அண்ணன் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார். படுதாவுக்குப் பின்னாலிருந்து மதினி பேசினார்.

“மாமு, ஒரு சந்தேகம். மலக்கு தொட்டுச் செஞ்ச எடத்துல மனுசன் கத்தி படலாமா?”

ஒஸ்தா தாடியைத் தடவினார். நாளைக்கு மிச்சத்தை எடுக்கலாம் என்று மத்தியானம் சொன்னவர் அவர்தான். இப்போது அந்தக் கேள்விக்குப் படலாம் என்று எந்த வாயால் சொல்வார்?

“படக்கூடாதும்மா,” என்றார் கடைசியில். “அவங்க விட்டத அவங்களே பாத்துக்கிடுவாங்க.”

வந்தவர்களும் அதுதான் சரி என்றார்கள். மைதீன் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கீழே பார்த்தேன். ஒஸ்தாவுக்கு உண்மையில் விஷயம் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த கண். போகும்போது குழந்தையின் தலையில் கை வைத்து நெடுநேரம் ஓதிவிட்டுப் போனார்.

சந்துக்காரர்கள் நம்பியதை யாரும் மாற்றவில்லை. பிள்ளையைக் கெடுக்க இருந்த அதே நம்பிக்கையைக் கொண்டே மதினி பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் நான் எத்தனையோ படித்தவர்களைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு சுருக்கமாக ஒரு கேள்வி கேட்டவர்களை அதிகம் பார்க்கவில்லை. உண்மை யாருக்குத் தேவையோ அவர்களுக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும், ஒரு எழுத்துகூடக் குறையாமல். தேவையில்லாதவர்களுக்கு அதைச் சுமந்துகொண்டு போகிற வேலை நமக்கு இல்லை. வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரி கேட்பாள், என்ன வியாதி என்று. சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

யூசுப் என்று பெயர் வைத்தார்கள். நாலு வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது, கொஞ்ச காலம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. இரண்டு தடவையும் லீவு போட்டுவிட்டு நான்தான் கூட இருந்தேன். அது ஆறி முடிந்ததும் மதினியின் அண்ணன்மார் மூன்று பேரும் ஊரிலிருந்து ரயிலேறி வந்தார்கள். மாலை, புதுத்துணி, சோறு எல்லாம் நடந்தது. மலக்கு சுன்னத்துப் பிள்ளைக்கு எதற்குக் கல்யாணம் என்று சந்தில் யாரோ கேட்டதற்கு, “மலக்கு சோறு போடலியே,” என்றாராம் மதினி. அந்தக் கல்யாணத்துக்குச் சற்று முந்தி, புண் ஆறிவந்த ஒரு நாள் மத்தியானம் மைதீன் அண்ணன் மூச்சிரைக்க நான் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து, என்னை இழுத்துக்கொண்டு போனார். தோல் ஷாப்பின் பின்சுவரைக் காட்டினார். சுவரில் இடுப்புயரத்துக்கு ஈரமாக ஒரு கோடு. பக்கத்தில் யூசுப் நிக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நின்னுக்கிட்டே அடிச்சாம்லே,” என்றார் அண்ணன். அந்தச் சுவரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதைவிடப் பெரிய சன்மானம் இந்த வேலையில் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஏழாம் நாள் காலைக்கு வருகிறேன். குழந்தைக்கு முடி இறக்கி முடிந்ததும் மதினி எனக்குத் தேங்காய்ச்சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது, என்ன முடிவு செய்தார்கள் என்பதைத்தான். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அங்கிருந்த ஓர் ஆயாவிடம் என்னை ஒப்படைத்தார். ஒரு காக்கிச் சட்டை கொடுத்தார்கள், எனக்குத் தொளதொளவென்று இருந்தது. வரிசையாகப் பெட்பேன் கழுவினேன். ஒரு கூடம் துடைத்தேன். அதன் பிறகு டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். லேபர் கேம்ப்பிலிருந்து வந்த ஒரு பெண், முந்தின ராத்திரி பிரசவித்தவள், கட்டிலில் படுத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று இவளிடம் சொல் என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

நான் அந்தப் பெண்ணிடம் போகவில்லை. டாக்டரம்மாவின் பின்னாலேயே போய், எதற்காக இறங்கக்கூடாது, எதுவரைக்கும் என்று கேட்டேன். ஆயா பல்லைக் கடித்தாள். டாக்டரம்மா நின்று, திரும்பி, முழுவதையும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டிலுக்குப் போனேன்.